மார்லா சிரிக்கக் கூடாது

தண்ணீர் வேண்டாம், மிஸ் கார்வர். சாட்சி சொல்ல வருகிறவர்களிடம் முப்பத்தோரு வருடமாக நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். கையருகே தண்ணீர் இருந்தால், கேள்வி கடினமாகும்போதெல்லாம் கை அதைத் தேடிப் போகும். பார்க்கிறவர்கள் அதைக் கவனித்துவிடுவார்கள். நீங்கள் கேட்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். என் பக்கத்தில் இருக்கும் என் வக்கீல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

பெயர் ஹார்லன் ஸ்ட்ரோ. வயது அறுபத்தொன்று. கிராண்ட் ஐலண்டில்தான் பிறந்தேன். நெப்ராஸ்காவைத் தாண்டி வேறெங்கும் வக்கீல் தொழில் செய்ததில்லை. விபத்தில் அடிபட்டவர்களுக்காக வழக்காடுவது என் வேலை. அதிலும் கடைசிப் பன்னிரண்டு வருடமாக மனதில் அடிபட்டவர்களுக்காக. நீங்கள் இளையவர், அதனால் சொல்கிறேன். உடைந்த கால் தானே பேசும். எக்ஸ்ரே படத்தை மாட்டிவிட்டு நாம் பேசாமல் உட்கார்ந்துகொள்ளலாம். மனதுக்கு எக்ஸ்ரே கிடையாது. ஜூரிப் பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு பேரில் நான்கு பேராவது, இதெல்லாம் நடிப்பு என்று நினைத்துக்கொண்டேதான் வந்து உட்காருவார்கள். நான் அவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன். அப்படி நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்பேன். தூக்கியவர்களுக்கு நன்றி சொல்வேன். அந்த நன்றியை அவர்கள் மறப்பதில்லை.

வலி, வேதனை, பயம் என்ற வார்த்தைகளை நான் நீதிமன்றத்தில் பயன்படுத்துவதே இல்லை. அவை யாருக்கும் எதையும் காட்டாது. அந்த மனிதரிடம் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனது எது என்பதை மட்டும் காட்டுவேன். ஜூரியிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மார்லா ஹூசெக் என்னிடம் வந்தபோது அவருக்கு நாற்பத்துமூன்று வயது. ஒரு பேக்கரியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். ப்ளம் ஜாம் வைத்த கொலாச்சி பன், பூசணிக் கேக், இப்படி. நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் தட்டுகளை இறக்கி வைக்க ஒரு குளிர்கிடங்குக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் திறக்கும் குமிழ் மூன்று வாரமாக உடைந்து கிடந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி எழுதிய சீட்டும் அலுவலகத்தில் கிடந்தது. கிடங்கு ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவருடைய போன் வேனில். உள்ளே ஆள் நடமாட்டம் இல்லையென்றால் விளக்கு தானே அணைந்துவிடும். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் இருட்டு, எழுந்து கையை ஆட்டினால் வெளிச்சம். இப்படிப் பதினாறு மணி நேரம். ஞாயிறு காலை காவலாளி திறந்தபோது அட்டைப்பெட்டிகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. விரல் நுனிகூட மரத்துப்போகவில்லை.

அது ஒரு சிக்கல். இன்னொரு சிக்கல், காவலாளியைப் பார்த்ததும் அவர் சொன்னது.

"கொலாச்சி எல்லாம் கெடாம இருக்குப்பா. நான்தான் கொஞ்சம் கெட்டுப்போயிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாராம். காவலாளி இதைச் சத்தியம் செய்து சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

மார்லா அப்படித்தான். பயந்தால் வேடிக்கையாகப் பேசுவார். நான் முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனது ஜனவரியில். அவர் கணவர் டுவேன், இப்போது என்மேல் வழக்குப் போட்டிருக்கும் உங்கள் கட்சிக்காரர், ரயில் பட்டறையில் மெக்கானிக். என்னை உள்ளே அழைத்துப்போய் வீட்டைக் காட்டினார். எந்த அறைக்கும் கதவு இல்லை. படுக்கையறை, குளியலறை, துணி அலமாரி, எல்லாவற்றிலும் கீல் மட்டும் இருந்தது. எல்லாக் கதவுகளையும் கழற்றிக் கார்ஷெட்டில் சாய்த்து வைத்திருந்தார்.

"மாட்டுக் கொட்டாய்க்குக்கூட ஒரு படல் இருக்கும், வக்கீல் சார்" என்றார் டுவேன். "எங்க வீட்ல பாத்ரூமுக்கு ஒரு போர்வை தொங்குது. என் தம்பி வந்தா பாட்டுப் பாடிக்கிட்டேதான் உள்ள போறான்."

சமையலறையிலிருந்து மார்லா குரல் கொடுத்தார். "அவன் பாடுறதைக் கேட்டா நான் அந்தக் கெடங்குக்கே திரும்பிப் போயிடலாம்னு தோணுது."

மூவரும் சிரித்தோம். பிறகு காப்பி கொண்டுவந்து வைத்தார். வாசல் கதவு திறந்தே இருந்தது, வெளியே பனி. நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் காப்பி குடித்தோம். அந்தக் கதவுகளைப் படம் எடுத்துக்கொண்டேன். இந்த வழக்கில் ஜெயிக்கலாம் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிடங்குக்காரர்கள் தவறை ஒப்புக்கொண்டார்கள். ஆகவே ஜூரி முன்னால் ஒரே கேள்வி: மார்லாவுக்கு என்ன ஆயிற்று, எவ்வளவு நாளைக்கு?

இங்கேதான் நீங்கள் கேட்கும் விஷயம் தொடங்குகிறது.

பெவர்லி நாட்சன் என்ற மனநல ஆலோசகரிடம் அவரை அனுப்பிவைத்தேன். நான்தான் அனுப்பினேன், அதையும் பதிவு செய்யுங்கள். பெவர்லி திறமைசாலி. ஒரு வருடத்துக்குள் மார்லா மாறத் தொடங்கினார். வழக்கு விசாரணைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, ஏப்ரல் மாதம் ஒருநாள், என் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"மிஸ்டர் ஸ்ட்ரோ, நான் எங்கேயிருந்து பேசறேன்னு சொல்லுங்க பாப்போம்."

"தெரியலையே."

"பாத்ரூம்ல இருந்து. கதவைச் சாத்திக்கிட்டு. டுவேன் நேத்து மாட்டினார். வெளிய நின்னு, என்னடி உள்ளயே குடியிருக்கப் போறியான்னு கத்திட்டிருக்கார்."

பின்னால் டுவேனின் குரலும் கேட்டது. மார்லா சிரித்துக்கொண்டே இருந்தார், அழுதுகொண்டும் இருந்தார். வாழ்த்துச் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு ஹோட்டல் கூடத்தில் பத்துப் பேரை உட்காரவைத்து வழக்கை ஒத்திகை பார்த்தேன். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து வரவழைத்த, ஊர் பேர் தெரியாத மனிதர்கள். மார்லா பேசிய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி எழுந்து சொன்னார்: "இந்தம்மா நல்லாத்தான இருக்காங்க? சிரிச்சுப் பேசறாங்க. என் மாமியாருக்கு இதைவிட மோசமா இருக்கு, அவங்க யார்மேலயும் கேஸ் போடல."

ஒன்பது பேர் தலையாட்டினார்கள்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினாறு மணி நேரம் உண்மை. குமிழ் உடைந்து கிடந்ததும், அவர்கள் அலட்சியமாக விட்டதும் உண்மை. ஆனால் ஜூரி பார்க்கப்போவது அந்தச் சனிக்கிழமை மார்லாவை அல்ல. பெவர்லி ஒட்டிச் சரிசெய்து அனுப்பிய மார்லாவை. குணமாவது நல்ல விஷயம்தான். குணமாகும் நேரம் தவறாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். பெவர்லியிடம் போவதைச் சில மாதம் நிறுத்திவைக்கச் சொன்னேன்.

"ஏன்? அவங்ககிட்ட போனாத்தானே எனக்குத் தூக்கம் வருது?"

"அவங்க ஒவ்வொரு வாரமும் எழுதி வைக்கிறது எல்லாத்தையும் எதிர்த்தரப்பு கேட்டு வாங்குவாங்க, மார்லா. 'தேறி வருகிறார், தேறி வருகிறார்'னு வரிசையா எழுதியிருக்கு. அதைப் படிச்சே உங்களைப் பொய்க்காரின்னு காட்டிடுவாங்க."

"தேறினது குத்தமா?"

"இல்லவே இல்ல. விசாரணை வரைக்கும்தான். அப்புறம் வாழ்நாள் பூரா போகலாம். அந்தச் செலவும் அவங்களோடது."

யோசித்துவிட்டுச் சரி என்றார். என்மேல் நம்பிக்கை இருந்தது. பெவர்லி எனக்கு ஒரு கடிதம் எழுதினார்: நோயாளி பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார், இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் முன்பிருந்த நிலையைவிட மோசமாகலாம், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் உடைந்துபோவார் என்று. ஆமாம், படித்தேன். கோப்பில் வைத்தேன். அதில் 'உடைந்துபோவார்' என்ற வார்த்தை எனக்குப் பயன்படும் என்று அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோடு உங்கள் கையில் இருக்கும் நகலிலும் இருக்கும்.

அடுத்து, ஒத்திகை. சாட்சிகளைத் தயார் செய்வது எல்லா வக்கீல்களும் செய்வதுதான். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மார்லா வந்தார். கதவு சாத்தியது முதல் திறந்தது வரை மணி மணியாகச் சொல்லச் சொன்னேன். நடுவில் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வேன். கோபப்பட மாட்டேன். "மறுபடி சொல்லுங்க" என்பேன், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் என் அறையில், ஜன்னல் பக்கம். பிறகு பழைய கோப்புகள் வைக்கும் அறையில். அதற்கு ஜன்னல் கிடையாது. முதலில் கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். பிறகு பாதி. பிறகு ஒரு கை நுழையும் அளவு. பதினாறு செவ்வாய்க்கிழமை. கணக்குப் பார்த்துச் செய்ததல்ல. நீதிமன்றக் காலண்டர் அப்படி அமைந்தது.

ஜூலையில் டுவேன் என்னைத் தேடி வந்தார். உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், அவ மறுபடி கதவைக் கழட்டச் சொல்றா."

"விசாரணை நெருங்குதில்ல, டுவேன். பதட்டம் இருக்கத்தான் செய்யும்."

"செவ்வாக்கிழம ராத்திரி சாப்பிடவே மாட்டேங்குறா. இங்க என்ன பண்றீங்க நீங்க?"

"பேசறோம்."

"பேசறதுக்கா இப்படி?" என்றார். "வேணாம் சார், கெடங்குக்காரங்க தர்ற பணத்துக்கே முடிச்சிருங்க. எனக்கு அவ சிரிச்சாப் போதும்."

முடித்துக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மார்லாவுக்குத்தான் என்று அவருக்கு விளக்கினேன். சட்டப்படி அது சரி. அவர் சொன்னதை மார்லாவிடம் நான் தெரிவித்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை.

ஆகஸ்டிலும் எனக்குத் திருப்தி வரவில்லை. மார்லா வாடிப்போயிருந்தார், ஆனால் கூட்டத்தைக் கண்டால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். நீதிமன்ற லிப்டுக்குப் பயந்து படியேறும்போது எழுத்தரிடம், "இப்படியே ஏறினா நேரா சொர்க்கத்துக்கே போயிடலாம் போலிருக்கே" என்றார். எழுத்தர் சிரித்தார். நான் அந்த ஹோட்டல் கூடத்துப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு ஆறு நாள் முன்பு, மதியம் இரண்டு மணிக்கு, மார்லாவை ஹேஸ்டிங்ஸ் சாலையில் மூடிக்கிடந்த ஒரு மாட்டுக்கறி ஸ்டேக் உணவகத்துக்கு அழைத்துப்போனேன். அதன் உரிமையாளர் என் பழைய கட்சிக்காரர். பின்கட்டில் ஒரு குளிர் அறை இருந்தது. இரண்டு நாள் முன்பே அதற்கு மின்சாரம் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன்.

கட்டாயப்படுத்தவில்லை. கேட்டேன். உள்ளே எப்படி இருந்தது என்பதை உடம்பு ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொண்டால் ஜூரி முன்னால் வார்த்தை தானாக வரும் என்று சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?"

"நாலு நிமிஷம். நான் வெளியிலயேதான் நிப்பேன்."

"டுவேனுக்குத் தெரியுமா?"

"அவரை எதுக்கு வீணா பயமுறுத்தணும்?"

முகம் வெளுத்திருந்தது. ஆனாலும், "உள்ள ஸ்டேக் ஏதாவது மிச்சம் கிடந்தா உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்" என்றார். உள்ளே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

நான்காவது நிமிடம் கதவைத் தட்டினார். ஓர் அலுவலகக் கதவைத் தட்டுவது போல, மரியாதையாக, மூன்று முறை. நான் கைப்பிடியில் கை வைத்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது திறந்தால் பயத்தை ஜெயித்த ஒரு பெண் வெளியே வருவார். பெவர்லி ஒரு வருடத்தில் செய்யாததை நான் நான்கு நிமிடத்தில் செய்து முடித்தவனாவேன். அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் ஜூரியிடம் என்ன கேட்பது?

கையை எடுத்துவிட்டேன்.

பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு டுவேனின் பெயரை. பதினோராவது நிமிடத்துக்கு மேல் சத்தம் இல்லை. இருபத்திரண்டாவது நிமிடம் திறந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதனால் நிமிடக் கணக்கு சரியாகவே இருக்கும். தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கதவு இருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்த பிறகும் கை அந்தரத்தில் அப்படியே இருந்தது. என் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன்.

கைப்பிடி மாட்டிக்கொண்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன். ஆமாம், அது பொய்தான். ஆனால் அவர் ஜூரி அல்லவே.

திரும்பி வரும் வழியில் காரின் நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிடச் சொன்னார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணை நான்கு நாள் நடந்தது. டுவேன் கழற்றிய கதவுகளின் படத்தைக் காட்டினேன். டுவேனின் தம்பி, குளியலறைக்குப் பாடிக்கொண்டே போனதைச் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் மார்லா சாட்சிக் கூண்டில் ஏறினார். நடந்ததை நான் கேட்க, அவர் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து காவலாளியின் வாக்குமூலத்தைப் படித்தார்.

"'நான்தான் கொஞ்சம் கெட்டுப்போயிட்டேன்'. இப்படிச் சொல்லிச் சிரிச்சது நீங்கதானே, அம்மா?"

மார்லா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"முன்ன அப்படி ஒருத்தி இருந்தா" என்றார்.

நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அல்ல அது. முப்பத்தோரு வருடத்தில் அதற்கு இணையாக ஒன்றை நான் எழுதியதும் இல்லை.

இடைவேளை முடிந்து காவலர் நீதிமன்றத்தின் பெரிய கதவைச் சாத்தினார். மார்லா கூண்டிலிருந்து இறங்கி, நீதிபதியைக் கேட்காமல், நடந்துபோய்க் கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தட்டவில்லை. வெறுமனே வைத்திருந்தார். ஜூரியில் நான்காவது நாற்காலியில் ஒரு வயதான சோள விவசாயி. முதல் நாள் நான் கேட்டபோது கையைத் தூக்கியவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். தீர்ப்பை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இந்த மாவட்டத்தில் ஒரு கீறல் இல்லாத மனிதருக்கு அவ்வளவு கிடைத்ததில்லை.

அன்று மாலையே பெவர்லிக்குப் போன் செய்தேன், இனி சிகிச்சையைத் தொடரலாம் என்று சொல்ல. என் கடமையை நான் மறக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பெவர்லி என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க என் ஆபீசுக்குள்ள வர மாட்டேங்குறாங்க, ஹார்லன். எந்தக் கட்டடத்துக்குள்ளயும் போக மாட்டேங்குறாங்க. நான்தான் அவங்க வீட்டுத் தோட்டத்துல போய் உக்காந்து பேசிட்டு வர்றேன். அந்த உணவகத்தைப் பத்திச் சொன்னாங்க."

மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"கைப்பிடி மாட்டிக்கிச்சாமே?"

"ஆமா."

"ஒரு மனுசன் இதைச் செய்வானா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். உணர்ச்சிவசப்படுகிற பெண்.

டுவேன் தோட்டத்தில் ஒரு கொட்டகை போட்டார். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறப்பு. அதிலும் மார்லா இருக்கவில்லை. புல்தரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அக்டோபர், நவம்பர், டிசம்பர். டுவேன் கணப்பு வைத்தார், கம்பளி வாங்கினார், தம்பியோடு முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிப்ரவரியில் கடுங்குளிர் வந்த வாரம், பட்டறையில் இரட்டை வேலை பார்த்துவிட்டு வந்த டுவேன் நாற்காலியிலேயே உறங்கிப்போவார் என்று பயந்து, மார்லாவே அவரை வீட்டுக்குள் போய்ப் படுக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் டுவேன் வெளியே வந்தபோது மார்லா நாற்காலியிலேயே இருந்தார். மேலே பனி படிந்திருந்தது. டுவேன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவரிடம் பேசிக்கொண்டே இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஆமாம், மிஸ் கார்வர். நான் செய்தேன். தெரிந்தே செய்தேன். பெவர்லியின் கடிதத்தைப் படித்த பிறகு செய்தேன். நான்காவது நிமிடம் கதவைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. மார்லாவைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் ஜூரியிடம் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. அந்த நான்கு நாளும் அவர் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தொழிலில் மூத்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் வழக்கில் மார்லா ஒரு பகுதிதான். டுவேனுக்கு ஏற்பட்ட மனக்காயம்தான் ஜூரியை அசைக்கும். ஆனால் அவர், துக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசப் பாதிரியார் நடத்தும் கூட்டத்துக்கு ஒவ்வொரு வியாழனும் போகிறார் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் பட்டறையில் யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தாராம். இன்று காலை இந்தக் கட்டடத்து வாசலில் அவரை நானே பார்த்தேன். நிறம் திரும்பியிருக்கிறது, கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.

விசாரணை அடுத்த மார்ச்சில். டுவேன் நல்ல மனிதர், அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதில் என்னைவிட அக்கறை உள்ளவர் யாரும் இருக்க முடியாது. அதற்குள் அவர் தேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.